குழந்தை பிறந்தால் நீர்க்கட்டி சரியாகிவிடும் என்றார்கள். 41 வயதில் சர்க்கரை 268

கூடல் கயல் | ஞாயிறு, இரவு 9.15

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

எனக்கு 41 வயது. மதுரை கூடல் நகர். கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது நாலு மாதம் பீரியட்ஸ் வரவில்லை. அம்மா பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்து இரண்டு பக்கமும் நீர்க்கட்டி என்றார்கள். மாத்திரை போட்டால் வந்தது, நிறுத்தினால் நின்றது. "கல்யாணத்தப் பண்ணுங்க, ஒரு பிள்ளை பெத்தா எல்லாம் சரியாயிரும்" என்று அந்த டாக்டரிலிருந்து எதிர்வீட்டு அத்தை வரைக்கும் ஒரே பேச்சு.

24 வயதில் கல்யாணம். மூன்று வருடம் குழந்தைக்காக அலைந்தோம். முட்டை வளர மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன், ஊசி. 28ல் மகள் பிறந்தாள். அவளைச் சுமந்தபோது ஏழாம் மாதத்தில் சர்க்கரை ஏறி இன்சுலின் போட்டேன். பிரசவத்தோடு அதுவும் நின்றது. அடுத்து மகன் எந்த மருந்தும் இல்லாமல் உண்டானான். சரி, எல்லாம் முடிந்தது என்று அந்த ஃபைலைத் துணிப்பையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

போன மாதம் மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்க மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வீட்டுக்கு வந்தார். "நீயும் கைய நீட்டு தாயி" என்று என் விரலையும் குத்தினார். மெஷினில் 268. இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சமாதானம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் இன்னொரு விரலைப் பஞ்சால் துடைத்து மறுபடியும் குத்தினார். 271. மறுநாள் லேபில் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, 8.9.

பரணிலிருந்து ஃபைலை இறக்கிப் பார்த்தேன். 22 வருடத்துக் காகிதம். அதில் எங்கேயும் "பின்னால் சர்க்கரை வரலாம், பார்த்துக்கொள்" என்று ஒரு வரி இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? வேறு என்னென்ன பார்க்க வேண்டும்? எனக்கு 13 வயதில் மகள் இருக்கிறாள், அதுதான் உள்ளுக்குள் உறுத்துகிறது.

---

உசிலை செவிலி | ஞாயிறு, இரவு 10.40

கயல், தொடர்பு நிச்சயம் உண்டு. உசிலம்பட்டிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். உங்கள் கதையை வேறு வேறு பெண்கள் வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

முதலில் நீர்க்கட்டி என்ற அந்தப் பெயரே நம்மைத் திசை திருப்பிவிட்டது. டாக்டர்கள் இதைப் பிசிஓஎஸ் என்பார்கள். 1935ல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவெந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை எழுதியபோது அவர்கள் கண்ணில் பட்டது சினைப்பை. அதனால் பெயரும் சினைப்பையின் பேரிலேயே நின்றுவிட்டது. ஸ்கேனில் தெரிகிற அந்தக் "கட்டி" உண்மையில் கட்டியே கிடையாது. பாதி வளர்ந்து, வெடிக்காமல் நின்றுபோன முட்டைப் பைகள். அது ஏன் நிற்கிறது என்று பார்த்தால், பல பெண்களுக்கு உடம்பு இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாக இன்சுலின் சுரக்கிறது. கூடின இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அதனால்தான் முகத்தில் முடி, பரு, பீரியட்ஸ் தள்ளிப்போவது எல்லாம். பிள்ளை பெற்றதால் அந்த இன்சுலின் கோளாறு போய்விடாது. கரு தங்கியது என்றால் அந்த மாதம் முட்டை வெடித்தது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

உங்களுக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரையும் வந்திருக்கிறது. அது இரண்டாவது எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 2007லிருந்தே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை சோதனை உண்டு. ஆனால் பிரசவம் முடிந்து ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னால், கைக்குழந்தையோடு யார் வருகிறார்கள்? பிள்ளைக்குத் தடுப்பூசி போட மட்டும் தவறாமல் வருவார்கள். தன் உடம்புக்கு என்று வருவதில்லை.

2023ல் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பிசிஓஎஸ் என்று தெரிந்த அன்றே சர்க்கரை பார்க்க வேண்டும், அப்புறம் ஆளைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. பிரஷர் வருடாவருடம். கொழுப்பும் பார்க்க வேண்டும். இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. குறட்டை, பகல் தூக்கம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மனச்சோர்வு, பதற்றம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியை நம் பக்கம் யாரும் கேட்பதே இல்லை.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு வருடம் முன்னால் ஒரு அம்மா 16 வயது மகளைக் கூட்டி வந்தார், கழுத்தில் புண் என்று. பார்த்தால் பின்கழுத்து முழுக்கச் சிவந்து தோல் உரிந்திருக்கிறது. "அழுக்கு போகவே மாட்டேங்குது சிஸ்டர், பீர்க்கங்காய் நாரப் போட்டுத் தேச்சேன்" என்கிறார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தது. அது அழுக்கு இல்லை. இன்சுலின் கூடினால் கழுத்து, அக்குள் மடிப்பில் தோல் கறுத்துத் தடிக்கும். பீர்க்கங்காய் நாரை வைத்துத் தேய்த்தால் அது எப்படிப் போகும்? உங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் கழுத்தை ஒருதடவை பாருங்கள். திட்டுவதற்காக இல்லை.

---

லேப் பாண்டி | திங்கள், காலை 6.50

கோரிப்பாளையம் பக்கம் லேபில் இருக்கிறேன். நர்ஸ் அக்கா சொன்னதோடு ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீர்க்கட்டி உள்ளவர்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்துவிட்டு "95தான், நார்மல்" என்று போய்விடுகிறார்கள். அது போதாது. பலருக்கு வெறும் வயிற்றில் சரியாக இருக்கும், சாப்பிட்ட பிறகுதான் ஏறி நிற்கும். அதனால்தான் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையை முதலில் சொல்கிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து 140க்குக் கீழே இருந்தால் நல்லது. 140 முதல் 199 வரை என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். 200ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சர்க்கரை நோய்.

கஷ்டம் எங்கே என்றால் அந்த இரண்டு மணி நேரம்தான். குளுக்கோஸைக் குடித்துவிட்டு "தம்பி, பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வந்துர்றேன்" என்று கிளம்பிவிடுவார்கள். நடந்தால், நடுவில் காபி குடித்தால் முடிவு மாறிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். உட்கார நாற்காலியும் ஃபேனும் நாங்கள் தருகிறோம்.

ஹெச்பிஏ1சி நல்ல சோதனைதான். ஆனால் இரத்தசோகை இருந்தால் அந்த எண் தடுமாறும். நம் பெண்களில் பாதிப் பேருக்காவது ஹீமோகுளோபின் குறைவாகத்தான் வருகிறது, தினமும் பார்க்கிறேன். இரண்டையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.

---

தெப்பக்குளம் டீச்சர் | திங்கள், மதியம் 2.20

எனக்கு 61 வயது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். சர்க்கரையைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் கருப்பையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அடி விழுந்தது அங்கேதான்.

என் காலத்தில் ஸ்கேனெல்லாம் கிடையாது. வருடத்துக்கு மூன்று தடவையோ நாலு தடவையோ வரும். "குடுத்து வச்சவ, கோயில் குளம்னு நினைச்ச நேரம் போகலாம்" என்பார்கள் கூட வேலை பார்த்தவர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மீனாட்சி கல்யாணமோ அழகர் ஆற்றில் இறங்கும் நாளோ, எனக்கு ஒருபோதும் தடங்கல் வந்ததில்லை. அதை அம்மன் அருள் என்றே நம்பினேன்.

46 வயதில் ஒருமுறை வந்தது, நிற்கவே இல்லை. 20 நாள். வகுப்பில் நாற்காலியை விட்டு எழப் பயந்து உட்கார்ந்தே பாடம் நடத்தினேன். பிறகு ஸ்கேனில் கருப்பை உட்சுவர் 19 மில்லிமீட்டர் தடித்திருந்தது. சதைத் துணுக்கு எடுத்து அனுப்பி, முடிவு வருவதற்குள் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கடைசியில் புற்றுநோய் இல்லை, ஆனால் அந்தப் பக்கம் திரும்பக்கூடிய தடிப்பு என்றார்கள். புரோஜெஸ்டிரான் மருந்தும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் சோதனையும். அது கரைந்தது. இன்றைக்கு நன்றாக இருக்கிறேன்.

அந்த டாக்டர் அம்மா எனக்கு விளக்கியது இது. முட்டை வெடித்தால்தான் புரோஜெஸ்டிரான் சுரக்கும். வெடிக்காத மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் உட்சுவரை வளர்த்துக்கொண்டே போகும், அதைக் கழுவித் தள்ள ஆள் இல்லை. எனக்கு உடனே எங்கள் ஊர்க் கண்மாய் நினைவுக்கு வந்தது. வருடாவருடம் தூர்வாராவிட்டால் வண்டல் படிந்து மேடு தட்டிவிடும் இல்லையா, அதுதான். இந்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு, மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய வயதுகளில், கருப்பைப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல். ஆனால் அந்த வயதில் அது அபூர்வமான நோய் என்பதால் எண்ணிக்கையாகப் பார்த்தால் குறைவுதான். பயந்து நடுங்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் வரவில்லை என்றால் மட்டும் "நிம்மதி" என்று சும்மா இருக்காதீர்கள். மாத்திரை கொடுத்து வரவைப்பது ஒப்புக்குச் செய்வது இல்லை, அதுதான் தூர்வாருவது.

இன்னொன்று. 40ஐ ஒட்டி எனக்குத் தானாகவே ஒழுங்காக வர ஆரம்பித்தது. இந்த நோயில் பலருக்கு அப்படி ஆகுமாம். குணமாகிவிட்டது என்று ஏமாந்தேன். முகத்து முடி இன்றும் இருக்கிறது, சர்க்கரை விளிம்பில் நிற்கிறது. பீரியட்ஸ் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

---

மல்லி 22 | திங்கள், இரவு 11.55

டீச்சர் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். நான் அவனியாபுரம், 22 வயது, 46 கிலோ. "இவ்வளவு ஒல்லியா இருக்க, உனக்கெல்லாம் எப்படி நீர்க்கட்டி?" என்று ஸ்கேன் எடுத்தவரே கேட்டார்.

டாக்டர் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். அது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை என்று தெரிந்ததும் அம்மா பிடுங்கி வைத்துவிட்டார், பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று. ஆனால் திருவிழாவுக்கோ கல்யாண வீட்டுக்கோ தள்ளிப்போடும் மாத்திரையை அவரே மெடிக்கலில் வாங்கிக் கொடுப்பார். இந்தச் சித்திரைக்கும் பத்து நாள் போட்டேன்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்று வீட்டில் கட்டளை. தாடையில் முடி. தினமும் காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் அரை மணி நேரம். படிக்கப் பிடிக்கவில்லை, எதுவுமே பிடிக்கவில்லை.

---

உசிலை செவிலி | செவ்வாய், காலை 5.30

தங்கம், ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

ஒல்லியானவர்களுக்கும் வரும். எடை எவ்வளவு இருந்தாலும் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல்தான், அதனால் நீயும் சோதனை செய்ய வேண்டும். எடையைவிட இடுப்பு அளவைப் பார். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

டாக்டர் கொடுத்த அந்த மாத்திரை கருத்தரிக்கும் சக்தியைக் கெடுக்காது. கருப்பை உட்சுவரைக் காக்கிறது, ஆண் ஹார்மோனை அடக்குகிறது. நிறுத்தினால் சினைப்பை பழையபடி தன் வேலைக்குத் திரும்பிவிடும். ஆனால் பிரஷர் இருந்தாலோ, கண் முன்னால் மின்னல் மாதிரி தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது இரத்தம் உறைந்த நோய் இருந்தாலோ முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ, அவர் பயத்தை டாக்டர் வாயாலேயே தீர்க்கட்டும்.

திருவிழாவுக்குத் தள்ளிப்போடுவது வேறு. அதைக் கேட்காமல் மெடிக்கலில் வாங்கிப் போடாதே. நிறுத்தியதும் உதிரம் வந்துவிட்டது என்பதால் உள்ளே எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று அர்த்தம் ஆகாது.

கடைசியில் எழுதியிருக்கிறாயே, எதுவுமே பிடிக்கவில்லை என்று, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த நோயோடு மனச்சோர்வும் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். அது உன் குறை இல்லை. 14416 என்ற எண்ணில் கூப்பிடு. மனநல ஆலோசனைக்கான அரசு சேவை, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். இன்றைக்கே கூப்பிடு. பேசிவிட்டு இங்கே ஒரு வரி எழுது.

---

மேலூர்க்காரன் | செவ்வாய், காலை 9.10

என் மனைவிக்கு 38. இந்த இழையில் ஆண்கள் யாரும் வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அவள் குறட்டையைப் பல வருடம் கிண்டல் செய்திருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் இரவு விழித்துக் கிடந்தபோது கவனித்தேன். குறட்டை திடீரென்று நின்றது, மூச்சும் நின்றது. நான் எண்ணினேன், பதினெட்டு வரை. அப்புறம் திணறி எழுந்தாள். தூக்கத்தில் மூச்சு அடைக்கும் நோய் என்று கண்டுபிடித்தார்கள், கூடவே பிரஷரும். நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு இது அதிகம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

எல்லா டாக்டரும் "நடங்க" என்று சொன்னார்கள். காலை ஐந்து மணிக்கு அவள் நடக்கப் போனால் சட்னி யார் அரைப்பது, பிள்ளைக்கு யார் தலை பின்னுவது? ஒன்றரை வருடம் அவள் நடக்காமல் இருந்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, நான்தான். இப்போது காலை வேலை என்னுடையது. இரவு பரோட்டா வாங்கி வருவதையும் நிறுத்தினோம். அவளுக்கு மட்டும் இல்லை, வீட்டில் யாருக்குமே. ஏழு மாதத்தில் 78 கிலோவிலிருந்து 72க்கு வந்திருக்கிறாள். ஆறு கிலோதான், ஆனால் பீரியட்ஸ் 40 நாளுக்கு ஒருமுறை வருகிறது, பிரஷரும் இறங்கியிருக்கிறது.

---

ராஜேந்திரபுரத்துப் பேத்தி | செவ்வாய், மாலை 4.45

எல்லோரும் வாழ்நாள் முழுக்க மாத்திரை என்றே பேசுகிறீர்களே என்று கஷ்டமாக இருக்கிறது. எங்கள் அப்பத்தா கழற்சிக்காய்ப் பருப்பையும் மிளகையும் இடித்துக் கொடுத்தார். வயசுக்கு வந்ததிலிருந்தே உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய். எனக்கு நாலு மாதமாகச் சரியாக வருகிறது. டாக்டர் கொடுத்த மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன், அது வயிற்றைப் புரட்டிப் போட்டது. நம் வைத்தியத்தை ஏன் யாரும் சொல்வதில்லை?

---

உசிலை செவிலி | செவ்வாய், இரவு 8.05

அப்பத்தாவின் அக்கறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்மா. எனக்கும் சடங்கு வைத்தபோது பதினாறு நாள் உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார்கள், அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. ஆனால் பீரியட்ஸ் வருவது ஒரு கணக்கு, சர்க்கரை வேறு கணக்கு. டீச்சருக்கும் 40 வயதில் ஒழுங்காகத்தான் வந்தது. கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும், களியில் எவ்வளவு போடுகிறோம் என்று நமக்கே தெரியும்.

கழற்சிக்காய் சாப்பிட விரும்பினால் அரசு சித்த மருத்துவரிடம் கேட்டுச் சாப்பிடு, அளவு அவர் சொல்லட்டும். பாண்டி தம்பி சொன்ன இரண்டு மணி நேரச் சோதனையையும் செய்துவிடு. நம் மருந்தோ அவர்கள் மருந்தோ, வேலை செய்கிறதா என்பதை அந்த எண் சொல்லட்டும்.

மெட்பார்மின் வயிற்றைப் புரட்டுவது உண்மைதான். சாப்பாட்டோடு சேர்த்து, குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும். மெதுவாகக் கரையும் வகையும் உண்டு. பல வருடம் போடுகிறவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்க்க வேண்டும்.

---

ஆனையூர் அம்மா | புதன், காலை 10.30

என் மகளுக்கு 14. வயசுக்கு வந்து ஒன்றரை வருடம். 40 நாள், 50 நாள் என்று மாறி மாறி வருகிறது. ஸ்கேன் எடுத்த இடத்தில் பிசிஓடி, அதாவது இதே நீர்க்கட்டி, என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்த இழையைப் படித்ததும் கை காலே ஓடவில்லை.

---

உசிலை செவிலி | புதன், மதியம் 1.15

பதறாதீர்கள். வயசுக்கு வந்து எட்டு வருடம் ஆகும் வரை ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்யக் கூடாது. அந்த வயதில் பல பிள்ளைகளுக்குச் சினைப்பை ஸ்கேனில் அப்படித்தான் தெரியும். வளர்ந்த பெண்களுக்கு மூன்றில் இரண்டு அடையாளம் இருந்தால் போதும்: ஒழுங்கற்ற பீரியட்ஸ், ஆண் ஹார்மோன் கூடுதல், ஸ்கேனில் அந்தத் தோற்றம். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டுமே இருக்க வேண்டும். முதல் வருடம் கழிந்த பிறகு ஒரே ஒரு முறை 90 நாளுக்கு மேல் தள்ளிப்போனாலும் டாக்டரிடம் காட்டுங்கள். அடிக்கடி 45 நாளைத் தாண்டினாலும் காட்டுங்கள், ஆனால் அந்தக் காகிதத்தை வைத்து மகளுக்கு நோய்ப் பெயர் சூட்டிவிடாதீர்கள். கழுத்து கறுத்திருக்கிறதா, எடை வேகமாகக் கூடுகிறதா, முகத்தில் கடினமான முடி வருகிறதா என்று கவனியுங்கள். விளையாட விடுங்கள்.

---

மல்லி 22 | புதன், இரவு 9.00

கூப்பிட்டேன் அக்கா. 25 நிமிடம் பேசினார்கள். சனிக்கிழமை மறுபடி கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.

---

கூடல் கயல் | வியாழன், இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் இரண்டு தடவை படித்தேன்.

இன்று பழைய ஃபைலோடு டாக்டரிடம் போனேன். பிரஷர் 138க்கு 88. டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 240. கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கலாம் என்று ஸ்கேனுக்கு எழுதியிருக்கிறார். மெட்பார்மின் ஆரம்பித்தாயிற்று. "இந்த ஃபைலை ஏன் இத்தனை வருஷம் யாருக்கும் காட்டல?" என்று கேட்டார். குழந்தை பிறந்ததோடு தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

மகளின் கழுத்தைப் பார்த்தேன், தெளிவாக இருக்கிறது. "எதுக்கும்மா பாக்குற?" என்றாள். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என் 19 வயதில் ஆரம்பித்து, அந்த 268 வரை. ஃபைல் இனி பரணுக்குப் போகாது, ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நாளை அண்ணா நகர் அரவிந்தில் கண் பரிசோதனை. சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறதோ தெரியாது, விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்றார்.

---

தெப்பக்குளம் டீச்சர் | வியாழன், இரவு 9.20

நல்லது செய்தீர்கள் கயல். ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். முதல் நாளிலிருந்து பார்க்கிறேன், உங்களுக்கு இப்போது எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று மட்டும் நீங்கள் சொல்லவே இல்லையே.

---

கூடல் கயல் | வியாழன், இரவு 9.45

கடைசியாக வந்தது பொங்கலுக்கு முந்தின வாரம், டீச்சர். நாலு மாதம் ஆகிறது. வயது ஆகிறதே, நிற்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்று டாக்டரிடம் அதைச் சொல்லவும் இல்லை.

---

உசிலை செவிலி | வியாழன், இரவு 9.52

முதலில் கர்ப்பம் இல்லை என்று சிறுநீர் சோதனை செய்துகொள்ளுங்கள். அப்புறம் உட்சுவர் ஸ்கேன். தள்ளிப்போட வேண்டாம்.

---

தெப்பக்குளம் டீச்சர் | வியாழன், இரவு 10.05

நாளைக் கண் ஆஸ்பத்திரி முடிந்ததும் நேரே இதற்குப் போய்விடுங்கள். நான் அண்ணா நகருக்கே வந்துவிடுகிறேன், எனக்கு ஒரு பஸ்தான். எத்தனை மணிக்கு முடியும் என்று மட்டும் தனிமடலில் சொல்லுங்கள்.